ஆறு மில்லிமீட்டர்

காசு கொடுத்துக் கார் வாங்கியவன் அதைத் தரையோடு தரையாக இறக்க ஏன் இப்படித் துடிக்கிறான் என்று கேட்பவர்கள் மிட்சல்ஸ் பிளெய்ன் புறநகரில் பிறக்காதவர்கள். அங்கே பிறந்து வளர்ந்த இக்சானுக்கு அந்தக் கேள்வியே விளங்காது. கோல்ஃப் கார் என்றால் தாழ்ந்துதான் நிற்க வேண்டும். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிற காரில் தன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையாகப் போய் இறங்குவதும் செருப்பில்லாமல் போய் இறங்குவதும் அவனுக்கு ஒன்றுதான். கல்யாணம் டிசம்பரில். அக்டோபர் பிறந்துவிட்டது, காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் இன்னும் முடிவாகவில்லை.

முடிவாகாததற்குக் காரணம் அந்தக் காரில் ஏறும் பெண்கள். தினமும் காலை ஆறேகாலுக்கு மூன்று பேரைச் சால்ட் ரிவர் தையல் ஆலையில் இறக்கிவிட்டுத்தான் இக்சான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போவான். பக்கத்து வீட்டு வசீலா ஆன்ட்டிக்கு முழங்கால் மடங்காது, அதனால் முன்சீட்டு அவளுக்கு. பின்னால் வலது பக்கம் ருகாயா ஆன்ட்டி. இடது பக்கம் அவன் அம்மா மைமூனா. வழியில் பதினொரு வேகத்தடை.

அத்லோனில் ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் சாலி பூட்டா கறாரான மனிதர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பூட்டா, அதாவது அண்ணன். மீதிப் பேரிடம் அவர் பேசுவதில்லை.

"வெறும் வண்டியை அளந்துட்டு வந்து எங்கிட்ட நிக்காதே. அந்தப் பொம்பளைங்க மூணு பேரும் அவங்கவங்க இடத்துல உக்காரணும். அப்ப சக்கரத்தோட நடுவுலேர்ந்து மேல் வளைவு வரைக்கும் அள. அந்தக் கணக்குதான் எனக்கு வேணும்."

ஆகஸ்டில் இக்சான் அளந்தான். பின்பக்கம் வலது முந்நூற்று முப்பத்து நான்கு மில்லிமீட்டர், இடது முந்நூற்று முப்பத்தொன்று. சாலி பூட்டா கணக்குப் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்தப் பாரத்துக்கு அறுபது மில்லி இறக்கினால் இடது பக்கம் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும், நாற்பதுதான் ஆகும் என்றார். நாற்பது என்றால் வாத்தியார் ஓட்டும் கார். இக்சானின் முகம் தொங்கிப் போயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தான். அதற்குள் பூட்டா உம்ரா யாத்திரைக்குப் போய், அங்கே காய்ச்சலில் படுத்து, ஆறு வாரம் கழித்துத்தான் திரும்பினார். வந்ததும் முதல் பேச்சே, "பழைய அளவை வெச்சு நான் கம்பி வெட்ட மாட்டேன். திரும்ப அள," என்பதுதான்.

திங்கட்கிழமை காலை மூன்று பெண்களையும் உட்காரவைத்து இக்சான் திரும்ப அளந்தான். வலது பக்கம் அதே முப்பத்து நான்கு. இடது பக்கம் முப்பத்தேழு. காரை ஒருமுறை அழுத்தி விட்டு அளந்தான். முப்பத்தேழு. பிள்ளை போலக் குப்புறப் படுத்து அளந்தான். அப்போதும் முப்பத்தேழு.

"என்னடா இத்தனை தடவை? பொணத்துக்குப் போடுற கஃபன் துணிக்கா அளவெடுக்கிறே?" என்று வசீலா முன்சீட்டிலிருந்து கத்தினாள். "மேஸ்திரி கேட்டைச் சாத்திட்டா உன் டேப்பையா போட்டுத் தாண்டுறது?"

மதியம் சாப்பாட்டு வேளையில் சாலி பூட்டாவுக்குப் போன் செய்தான்.

"முப்பத்தேழா? அட, அப்ப அறுபது போடலாம்டா! உனக்கு ராஜயோகம்தான்."

இக்சானுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நண்பர்கள் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பினான். மூன்றாமவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பூட்டா திரும்பக் கூப்பிட்டார்.

"வலது பக்கம் மாறவே இல்லைன்னு சொன்னே, இல்ல?"

"ஆமா பூட்டா."

"ஸ்பிரிங்கு பழசானா தொய்யும். தானா எழும்பாது. இடது பின்னாடி யாரு உக்கார்றது?"

"மம்மி."

பூட்டா தொண்டையைச் செருமினார். "ஆறு மில்லின்னா பன்னெண்டு கிலோ வரும். நான் சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னேன். டேப்பு சரியில்லாம இருக்கும். வீட்ல பாரு."

சாண்ட்விச் கையில் அப்படியே இருந்தது. டேப்பில் ஒரு குறையும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அம்மா வெயிலிலும் தடித்த ஜெர்சி போடுவது, மோதிரத்தின் உள்பக்கம் நூல் சுற்றியிருப்பது, தன் தட்டுக் கறியை அவன் தட்டில் தள்ளிவிடுவது, எல்லாம் அவன் கண்முன் நடந்தவைதான். டேப்பில் ஒரு மில்லி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற இந்தக் கண் அதையெல்லாம் பார்க்கவில்லை. அதைவிடக் கேவலம், அம்மா இளைத்த கணக்கைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டிருக்கிறான். ஐந்து நிமிடம் முழுதாகச் சந்தோஷப்பட்டிருக்கிறான். நண்பர்களுக்கு அனுப்பிய செய்திகளை அழித்தான்.

மைமூனாவிடம் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைச் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் தங்கை லத்தீஃபா வயிற்றுவலி என்று தன் காலால் நடந்து போய் அங்கே படுத்தாள். ஒன்பதாம் நாள் ஜனாஸாவாகத்தான் வீடு வந்தாள். அன்று முதல் மைமூனாவுக்குத் தலைவலி வந்தாலும் எலுமிச்சையும் இஞ்சியும்தான் வைத்தியம். பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

சாயங்காலம் அவள் தக்காளியும் ஆட்டுக்கறியும் போட்ட பிரீடியைக் கிளறிக்கொண்டிருந்தாள். இக்சான் சமையலறை வாசலில் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தான்.

"மம்மி, உங்க பக்கம் வண்டி ஆறு மில்லி ஏறியிருக்கு."

"நல்லதுதானே? இறக்கணும், இறக்கணும்னு கிடந்தே. அது உன்னைப் பாத்துச் சிரிக்குது."

"வெளையாடாதீங்க. பன்னெண்டு கிலோ குறைஞ்சா அப்படி ஏறுமாம். சாலி பூட்டா சொன்னாரு."

கரண்டி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது. "சாலிக்குக் கம்பி சுத்தத் தெரியும். பொம்பளையை நிறுக்கத் தெரியுமா? போய் வேலையைப் பாக்கச் சொல்லு."

"எங்கயாவது வலிக்குதா? உண்மையைச் சொல்லுங்க."

"உன் தொல்லைதான் வலிக்குது."

"நாளைக்கு டே ஹாஸ்பிட்டல் போயிடலாம். ஒரே ஒரு தடவை."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். கோபப்படுவாள் என்று இக்சான் தயாராக நின்றான். அவள் சிரித்தாள். "சரி, ஒண்ணு பண்ணு. நாளைக்குக் காலையில திரும்ப அள. அப்பவும் உன் ஆறு மில்லி இருந்தா நான் ஒரு வார்த்தை பேசாம வரேன். இல்லைன்னா கல்யாணம் முடியற வரைக்கும் நீ ஆஸ்பத்திரி பேச்சை எடுக்கக் கூடாது. சம்மதமா?"

அவனுக்கு அது போதும். டேப் பொய் சொல்லாது. சம்மதம் என்றான்.

இரவெல்லாம் புரண்டான். டேப் பொய் சொல்ல வேண்டும் என்று வாழ்க்கையிலேயே முதல்தடவையாக வேண்டிக்கொண்டான்.

காலையில் அவன் பல் துலக்கி வருவதற்குள் மைமூனா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் வந்து ஏறினார்கள். இக்சான் முட்டி போட்டு இடது சக்கரத்தின் நடுவில் டேப்பை வைத்தான். டேப் இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை சரியாகப் பிடித்துப் படித்தான்.

முந்நூற்று முப்பத்தொன்று.

திரும்ப அளந்தான். முப்பத்தொன்றேதான். ஆகஸ்டில் இருந்த அதே அளவு, மயிரிழை கூட வித்தியாசம் இல்லை.

"என்ன சொல்றாரு உன் டாக்டர்?" என்று மைமூனா கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"பழைய அளவேதான் மம்மி. நேத்து ஏதோ தப்பா எடுத்துட்டேன்." சொல்லும்போதே அவனுக்குக் கண் நிறைந்தது. முழங்கால் மண்ணைத் தட்டுகிற சாக்கில் துடைத்துக்கொண்டான். அறுபது மில்லி போனால் போகட்டும். வாத்தியார் கார் என்று ஊரே சிரிக்கட்டும். வண்டியை எடுக்கும்போது பாட்டுக்கூடப் போட்டான், வசீலா ஆன்ட்டி அதை அணைத்தாள்.

முதல் வேகத்தடையில் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

இரும்பில் இரும்பு இடிக்கிற சத்தம். பின்னால், இடது பக்கம். கார்ப் பைத்தியங்களுக்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்காது, இது மட்டும் கேட்டுவிடும். இரண்டாவது தடையில் மறுபடி 'ணங்'. சஸ்பென்ஷனில் ஏதோ கழன்றிருக்கிறது, அதனால்தான் அளவு முன்னும் பின்னும் போயிருக்கிறது என்று அவன் புத்தி ஓடியது. காரை ஓரங்கட்டினான்.

"நிறுத்தாதே. நேரமாச்சு," என்றாள் மைமூனா. குரலில் அவசரம் இருந்தது.

"ஒரு நிமிஷம் மம்மி. என்னன்னு பாத்துட்டு வரேன்."

சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. காரை அழுத்தினான். சத்தம் உள்ளேயிருந்து வந்தது. பின்கதவைத் திறந்தான். மைமூனா இரண்டு கால்களையும் ஒரு பச்சைப் பையின் மேல் வைத்து, பாவாடையை இழுத்து மூடியிருந்தாள்.

"காலை எடுங்க."

"இக்சான்..."

"எடுங்க மம்மி."

அவள் எடுத்தாள். பையைத் தூக்கப் போனவனுக்குக் கை ஒரு நொடி தாழ்ந்தது. உள்ளே துவாலையில் சுற்றிய மூன்று பிரேக் தட்டுகள், அவன் கழற்றி ஷெட்டில் போட்டிருந்தவை. கூடவே ஒரு பொட்டலம் அரிசி.

பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"சமையல் தராசுல ஒண்ணு ஒண்ணா வெச்சுப் பாத்தேன்," என்றாள் மைமூனா, யாரோ கேட்டதுபோல. "மூணு தட்டும் பத்துதான் வந்தது. அதான் அரிசி ரெண்டு கிலோ."

"இதை நீங்களா தூக்கிட்டு வந்தீங்க?"

"ரெண்டு நடையா."

இக்சானுக்கு அவளைத் திட்ட வேண்டும் போலிருந்தது. ரோட்டில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ருகாயா ஆன்ட்டியைப் பார்த்தான். அவள் பைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்ல மாட்டேன்னு என்னைச் சத்தியம் பண்ண வெச்சுட்டாப்பா," என்று ருகாயா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்," என்றாள் மைமூனா. "இப்ப போனா படுக்க வெச்சுடுவாங்க. மாப்பிள்ளையோட அம்மா இல்லாம நிக்காஹ் நடக்கும். லத்தீஃபாவுக்கும் இதே வலிதான்டா. சாப்பிட்டா இங்க பிடிக்கும்னுதான் அவளும் சொன்னா. எனக்குப் பயமா இருக்கு."

வசீலா ஆன்ட்டி முன்சீட்டில் திரும்ப முடியாமல் கண்ணாடி வழியாகவே பேசினாள். "இவ்வளவு நாளா பக்கத்து மெஷின்ல உக்காந்திருக்கேன், எனக்கும் சொல்லல பாரு, கள்ளி. இக்சான், வண்டியைத் திருப்பு."

"உங்க வேலை, ஆன்ட்டி? கேட்டைச் சாத்திடுவாங்களே."

"சாத்தட்டும். அந்த மேஸ்திரி மூஞ்சியை ஒருநாள் பாக்கலன்னா எனக்குச் சோறு இறங்காதா? திருப்புடான்னா."

திருப்பினான். அதற்கு முன் பையை எடுத்துக் காரின் பின்பெட்டியில் போட்டான். வழியில் அவன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ருகாயா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டே ஹாஸ்பிட்டலில் எட்டு மணிக்குள் நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். வசீலா தன் முழங்காலைக் காட்டியே ஒரு பெஞ்சைப் பிடித்துவிட்டாள். பத்து மணிக்கு நர்ஸ் மைமூனாவைத் தராசில் ஏறச் சொன்னாள். ஜெர்சியைக் கழற்றியபோது இக்சான் தலையைத் திருப்பிக்கொண்டான். நர்ஸ் பழைய அட்டையையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கடைசியா வந்தப்ப எழுபத்து நாலு. இப்ப அறுபதுகூட இல்லை. எங்கம்மா இருந்தீங்க இவ்வளவு நாளா?" என்றாள். அவள் அட்டையை அடுக்கில் எல்லோருக்கும் மேலே எடுத்து வைத்தாள். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று இக்சானுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாலி பூட்டாவின் போன்.

"என்னடா, நாப்பதா அறுபதா? கம்பி மெஷின்ல நிக்குது."

இக்சான் அம்மாவைப் பார்த்தான். பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவே அவள் பாதி இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பது, பூட்டா. ஆகஸ்ட் அளவு முப்பத்தொண்ணுக்கே செய்ங்க."

"ஏன்டா, நேத்து எடுத்த அளவுக்கு அறுபது..."

"மம்மியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். உடம்பு தேறணும் பூட்டா. தேறி, பழையபடி அந்த இடத்துல உக்காரணும். அன்னிக்கு இடிக்கக் கூடாது."

மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது. "சரி. முந்நூத்து முப்பத்தொண்ணு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் சாலி பூட்டா. "அப்படியே செய்றேன்."

மைமூனா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அறுபது, அறுபதுன்னுதானே ராசா தூக்கத்துலகூட உளறினே? வீடே சிரிச்சுது."

"உளறினேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் அறைக் கதவு திறந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள். இக்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடித்த கையில் கனமே இல்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

"நானும் உள்ளே வரேன் மம்மி," என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.