வாசலுக்கும் வண்டிக்கும் நாலு எட்டு

குரும்பலூரில் மாட்டுத் தரகர் சாமிதுரையின் வாசற்படிக்கும் எதிரே நிற்கும் அவருடைய வண்டிக்கும் இடையே நாலு எட்டு தூரம். கடைசியாக அதைக் கடந்தபோது சாமிதுரைக்குப் பதினாறு நாள் பிடித்தது. மற்றவர்களுக்கு நாலு எட்டுதான். அடுத்த வீட்டுப் பொன்னாயி குழம்புக் கிண்ணத்தோடு போய், வண்டிக்குள் இருக்கும் சாமிதுரையின் மனைவி அமிர்தவல்லியிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் திரும்பிவிடுகிறாள்.

வண்டி வந்தது 2016இல். மகள் கவிதா செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு குடும்பம் வண்டியிலேயே ஊர் ஊராகப் போகிறது; உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ்; காலையில் கதவைத் திறந்தால் கடல். அமிர்தவல்லி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதுவரை அவள் பார்த்த பெரிய தண்ணீர் கொள்ளிடத்து வெள்ளம்தான். சாமிதுரைக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. கல்லூரி ஒன்று கழித்துக்கட்டிய மினி பஸ்ஸை, மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் டயரைத் தடவிப் பார்த்து, இது தேறாது தேறாது என்று புலம்பியே அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டார். பெரம்பலூர்ப் பட்டறையில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டடுக்குக் கட்டிலும் தண்ணீர் டேங்கும் வைத்தார்கள். ஜன்னலுக்கு அமிர்தவல்லியே திரை தைத்தாள். கவிதா ஒரு நோட்டில் வழியை எழுதினாள்: பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை, தொண்டி, கடைசியில் தனுஷ்கோடி. எங்கே மீன் வாங்குவது, எங்கே துணி துவைத்துக் காயப்போடுவது என்பதுவரை அந்த நோட்டில் இருந்தது. புறப்படுவது மட்டும்தான் பாக்கி.

சாமிதுரைக்குத் தொழிலோடு வந்த ஒரு வியாதி உண்டு, பேச்சை முடிக்க வராது. சந்தையில் துண்டுக்கு அடியில் கைகோத்து விரலால் விலை பேசும்போது, எதிராளி சரி என்றால் உடனே இவருக்குச் சந்தேகம் வந்துவிடும். எங்கோ ஏமாந்துவிட்டோம், இன்னும் ஒரு வாரம் இழுத்தால் இதைவிட நல்லதாக அமையும் என்று தோன்றும். அலுத்துப்போன எதிராளி இவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடிய கையின்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போவான். பேச்சு முடிந்தது, வேறு ஆளைப் பார் என்று அதற்குப் பொருள். அந்தத் தட்டு வாங்காத வாரம் சாமிதுரைக்கு அபூர்வம். கடல் பயணத்தையும் அவர் சந்தையாகத்தான் நடத்தினார். மழை விடட்டும் என்றார், வெயில் தணியட்டும் என்றார், ஒரு பசு கன்று போடட்டும் என்றார், போட்டதும் அது பால் மறக்கட்டும் என்றார்.

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், அந்த நேரத்தில் ஒரு பையை மட்டும் எடுத்து அடுத்த வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. பயணம் முடியாமல் அது வீட்டுப்படி ஏறக்கூடாது. ஒன்பது தடவை அமிர்தவல்லியின் பை பொன்னாயி வீட்டுக்குப் போனது. ஒன்பது தடவையும் சாமிதுரை, யாரும் பார்க்காதபோது, அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து பரணில் போட்டார். 2018 தை மாதம் பத்தாவது தடவை. சாமிதுரை, “நீ பைய வெச்சுடு புள்ள, சந்தைய முடிச்சுட்டு வந்துடுறேன்” என்றார்.

“பைய வெச்சா தூக்கியாந்துடுறீங்க. இந்தத் தடவ நானே போயி உக்காந்துக்கிறேன்” என்று சொல்லி, வலது காலை எடுத்து வைத்து வாசலைத் தாண்டி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள் அமிர்தவல்லி. கிளம்பியது திரும்பக்கூடாது என்பதால் அவள் திரும்பவில்லை.

முதல் மாதம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாமிதுரைதான் வாசலில் இருந்து கொண்டுபோகும் டீ ஆறிப்போவதைக் கவனித்தார். சித்திரையில், வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு செம்பு மோர் தேவைப்பட்டது. அந்த ஐப்பசியில் விடியலில் படியிறங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் சேர முடிந்தது. முதல் எட்டில் தெருத் தார், இரண்டாவது எட்டில் ஜெயங்கொண்டத்து முந்திரிக்காடு, மூன்றாவது எட்டில் கொள்ளிடத்துப் பாலம், நாலாவது முழுக்க மணல். போகப்போக, தெருவில் பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு காலைத் தூக்கியபடி நாள்கணக்கில் நின்றுகொண்டிருப்பார். பால்காரர் சைக்கிளை வளைத்துக்கொண்டு போவார். ஒரு மழைக்குப் பொன்னாயி அவர் தலையில் யூரியாச் சாக்கைக் கொங்காணி போட்டுவிட்டாள். அமிர்தவல்லிக்குப் போன் செய்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. ஜன்னலில் அவள் தலை வாருவது படியில் இருந்தே தெரியும், திங்களன்று “சாப்ட்டியா?” என்று கத்தினால் வியாழக்கிழமை “ஆச்சுங்க” என்று பதில் வந்தது.

வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. டயருக்கு அடியில் நாய் குட்டி போட்டது. ஆனால் பொன்னாயியின் கிண்ணம் திரும்பி வரும்போது சில நாள் அதில் மத்தி மீன் இருந்தது. கல்யாணமாகி ஜெயங்கொண்டம் போன கவிதா, மாதம் ஒருமுறை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வந்து அந்த நோட்டில், அம்மா பார்த்து முடித்த ஊர் இருந்தால் அதை அடித்துவிட்டுப் போனாள். நாகூரை அடித்த அன்று சொன்னாள்: “யப்பா, ஊரு ஒலகத்துக்கிட்ட வெலை பேசுனது பத்தாதுன்னு அம்மாகிட்டயும் பேசிட்டீங்க. எங்களுக்கெல்லாம் கிட்டக்கதான் இருக்கு. ஒங்களுக்குத்தான் தூரமாயிட்டே போவுது.”

தொண்டியையும் அடித்த பிறகு சாமிதுரை மாடுகளைப் பொன்னாயியிடம் ஒப்படைத்துவிட்டு, நாலு வேட்டியும் அவலும் மூட்டை கட்டிக்கொண்டு படியிறங்கினார். பதினாறு நாள். கால் வெடித்து, தாடி வளர்ந்து, உதடு கரித்தது. வண்டியை எட்டியபோது அமிர்தவல்லி படியில் உட்கார்ந்து கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள், முகத்தில் அவர் பார்த்தே இராத ஒரு தெளிவு. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல், “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க” என்றாள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. “இன்னும் தனுஷ்கோடி ஒண்ணுதாங்க பாக்கி. ஏறிக்குங்க. சேந்தே பாத்துடலாம்.”

சாமிதுரை ஒரு காலைப் படியில் வைத்தார். முப்பது வருஷத்தில் அவருக்கு இதைவிட நல்ல பேரம் படிந்ததில்லை. அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது. “ஒரு ஜோடிக் காளை கைமாறணும் புள்ள. முடிச்சுக் குடுத்துட்டு ஒரே ஓட்டமா வந்துடுறேன்” என்று வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அமிர்தவல்லி கோபப்படவில்லை. “செரிங்க, பாத்துப் போங்க” என்று தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டாள்.

திரும்பப் பதினாறு நாள். வீட்டுப்படியை மிதித்தவுடனே திரும்பி, காளையாவது மண்ணாவது என்று, தூக்கிய காலைத் தெருவில் வைத்தார். முழங்கால்வரை தண்ணீர். இன்னொரு எட்டு வைத்தார், இடுப்பளவு. அலை வந்து அவரைப் படியில் தள்ளியது. தெரு காய்ந்து புழுதி பறந்துகொண்டிருந்தது. பொன்னாயி அந்த வழியாகவே கிண்ணத்தோடு நடந்து வந்தாள். நோட்டில் தனுஷ்கோடியும் அடிபட்டிருந்தது; அதற்கு அப்பால் ஊர் எழுதியிருக்கவில்லை, கடல்தான். சாமிதுரையின் நீச்சல் கிணற்றளவுதான். ஒரு மாதம் தினமும் இறங்கிப் பார்த்தார். தினமும் அலை தள்ளியது. அப்புறம் படியிலேயே உட்கார்ந்து, ஆண்பிள்ளை அழக்கூடாத அளவுக்கு அழுதார். சந்தைக்குப் போவது நின்றது. மாடுகள் போய் ஒரு செவலைப் பசு மட்டும் மிஞ்சியது.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் சாமிதுரை படியில் உட்கார்ந்து, வலது கையின்மேல் துண்டைப் போட்டு வண்டியைப் பார்த்து நீட்டுகிறார். ஐந்து விரலையும் விரித்தே வைத்திருப்பார். கேட்டதைக் கொடுக்கிறேன், இதற்குமேல் பேரம் இல்லை என்று. சில நாள் கை வலிக்கும்வரை ஒன்றும் இருக்காது. சில நாள் துண்டுக்கு அடியில் குளிர்ந்த ஈரக் கை ஒன்று வரும். கட்டை விரலில் பழைய அரிவாள்மனைத் தழும்பு இருக்கும், அவருக்குத் தெரிந்த தழும்பு. அது அவருடைய விரல்களைச் சுண்டு விரலில் இருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், நோகாமல் மடக்கும். மூடிய கையின்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடும்.

துண்டை எடுத்தால் பிழிகிற அளவுக்கு ஈரம். அதைக் கொண்டுபோய்ச் செவலையின் முளைக்குச்சியில் போடுகிறார். பசு விடிய விடிய அதை நக்குகிறது. கடல் உப்பு மாட்டுக்கு நல்லது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமாகச் சினை நிற்காத பசு போன ஆடியில் கன்று போட்டது. பாலில் லேசாக உப்புக் கரிப்பதாகப் பொன்னாயி சொல்கிறாள். ஆனால் காலையும் மாலையும் அரை லிட்டர் வாங்கத்தான் செய்கிறாள். அதில் ஒரு டம்ளரைக் காய்ச்சி, நாலு எட்டு நடந்துபோய், ஆறுவதற்குள் வண்டியில் கொடுத்துவிடுகிறாள்.