உள்ளறைக்கு வராத மாப்பிள்ளை

வியாழக்கிழமை காலை, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு எலி செத்துக் கிடந்தது. பொறியில் அகப்பட்ட எலி அல்ல. உடம்பில் காயம் எதுவும் இல்லை. வாயோரத்தில் மட்டும் கொஞ்சம் இரத்தம் காய்ந்திருந்தது.

வீட்டுக்காரி யோசப்பின் முதலில் பின்கதவைச் சாத்தினாள். பிறகுதான் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கண்டியில் அந்த வருஷம் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிற எலிக்குப் பொறி வைக்கலாம், ஓட்டையில் கண்ணாடித் துண்டைத் திணித்துச் சாந்து பூசலாம். தானாகச் செத்த எலி என்றால் கொள்ளைநோய். உடனே சுகாதாரக் கந்தோருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், கட்டுக்கலையில் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த எட்டு வீட்டு ஆட்களையும் வெளியேற்றுவார்கள். ஓடுகளைக் கழற்றி வெயில் விடுவார்கள். எல்லோரும் பத்து நாள் முகாமில் இருக்க வேண்டும்.

யோசப்பினிடம் பத்து நாள் இல்லை. கோயிலில் கலியாணத்தை அறிவிக்கும் ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை, திங்கட்கிழமை மகள் தெரேசாவுக்குக் கலியாணம், புதன்கிழமை தவக்காலம் தொடங்கும் விபூதித் திருநாள். விபூதி வந்துவிட்டால் உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடியும்வரை கலியாணம் கிடையாது. மாப்பிள்ளையின் தாய் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டாள். தவக்காலத்துக்கு முன்னால் முடியாவிட்டால் மாத்தளையில் வேறு பெண் இருக்கிறது என்று நேரிலேயே சொல்லியிருந்தாள். தெரேசாவுக்கு இருபத்தேழு வயது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேச்சோடு நின்றுபோயிருந்தது.

"அம்மா, அவருகிட்ட சொல்லிடுவோமே" என்றாள் தெரேசா.

"யாருகிட்ட? எலி பாக்கிற உத்தியோகத்துல இருக்கிற மனுசன்கிட்டயா? சொன்னா அவரு எழுதணும். எழுதினா ஒனக்குக் கலியாணமில்ல. பேசாம இரு."

எலியை இடுக்கியால் தூக்கி, சாம்பல் நிறைந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் புதைத்து மூடினாள்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை அம்புறோஸ் வந்தான். காக்கிச் சட்டை, கையில் டோர்ச், கக்கத்தில் கொப்பி. கட்டுக்கலையில் வீடுவீடாக நுழைந்து பரணையும் அடுப்படியையும் பார்ப்பது அவன் வேலை. மற்ற ஏழு வீடுகளிலும் பரணில் ஏறியவன், இந்த வீட்டில் முன்விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். ஓலை வாசிக்கத் தொடங்கினால் தாலி கட்டும்வரை பெண் வெளியே போவதில்லை. மாப்பிள்ளை பெண்வீட்டில் விறாந்தையைத் தாண்டுவதும் இல்லை. அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது வழக்கம்.

"தம்பி, கோப்பி ஊத்தட்டா?" என்றாள் யோசப்பின்.

"ஊத்துங்க மாமி." கொப்பியைத் திறந்தவன், திரைச்சீலையைப் பார்த்துக் கொஞ்சம் குரலை உயர்த்தினான். "செத்த எலி ஏதும் கண்டீங்களா?"

திரைச்சீலைக்குப் பின்னால் தெரேசா நின்றாள். கோப்பி ஊற்ற உள்ளே வந்த தாய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"இல்லீங்க" என்றாள் தெரேசா.

அவள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அம்புறோஸ் சிரித்துக்கொண்டே எழுதினான்.

அவன் போனதும் பின்புற மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு றலியாவின் முகம் தெரிந்தது. தையற்காரர் முஹைதீனின் மனைவி. தெரேசாவின் கலியாணச் சட்டைக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"என்ன புள்ள, எங்கட ஊட்டுல பரணெல்லாம் ஏறி ஒட்டடையோட எறங்கினாரு. ஒங்கட ஊட்டுல கதிரையவிட்டு எழும்பல்ல. எலி பாக்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?"

தெரேசா சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது எலி. அதுவும் சாம்பல் தகரத்துக்குள் போயிற்று. இரவெல்லாம் பரணில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் உருளைக்கிழங்கை உருட்டியதுபோல ஓடித் திரியும். "பாரு, எலியெல்லாம் போயிட்டுது" என்றாள் யோசப்பின்.

சனிக்கிழமை மதியம் முஹைதீன் வாசலுக்கு வந்தார். கையில் லேஸ் வைத்த சட்டை மடித்திருந்தது.

"றலியா ராவே தச்சு முடிச்சுட்டா. இப்ப எழும்ப ஏலாம கெடக்கிறா. ஒடம்பெல்லாம் நெருப்பு. கக்கத்துல ஒரு கட்டி வேற. மலைக்காய்ச்சல் எண்டு பரியாரியார் கசாயம் தந்தாரு. கொஞ்சம் கொத்தமல்லி இருந்தா தாங்க."

யோசப்பின் கொத்தமல்லி எடுக்க உள்ளே போனாள். தெரேசா திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

"கொத்தமல்லி வேணாம் முஹைதீன் நானா. அது கொள்ளைநோய். எங்க வீட்டுல வியாழக்கிழமை எலி செத்துச்சு. நாங்க மறைச்சிட்டோம். கந்தோருக்கு ஓடுங்க. அவரைக் கூட்டிட்டு வாங்க."

முஹைதீன் அவளை ஒருமுறை பார்த்தார். சட்டையைக் கதிரையில் வைத்துவிட்டு, செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினார்.

"திங்கக்கிழமைக்கு ரெண்டு நாள்" என்றாள் யோசப்பின். "ரெண்டே நாள் பொறுத்திருக்கலாமே பாவி."

"அவங்களுக்கு ரெண்டு நாள் இருக்கா அம்மா?"

அரை மணியில் அம்புறோஸ் வந்தான். பழக்கத்தில் விறாந்தையிலேயே நின்றான்.

"உள்ளுக்கு வாங்க" என்றாள் தெரேசா.

யோசப்பின் அறை வாசலை மறித்தாள். "ஓலை முடியல்ல தம்பி. மாப்பிள்ளை உள்ளுக்கு வரப்படாது."

"மாமி, நகருங்க."

அவள் நகர்ந்தாள். அம்புறோஸ் சாம்பலைக் கிளறிப் பார்த்தான். பிறகு அரிசிப் பெட்டிமேல் ஏறிப் பரணுக்குள் டோர்ச் அடித்தான். வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"ஆறு கெடக்கு. ரெண்டு மூணு நாள் பழசு." கொப்பியைத் திறந்து வியாழக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தான். பரண் பார்க்கப்பட்டது, எலி இல்லை என்று அவனுடைய கையெழுத்திலேயே இருந்தது. "நான் ஏறிப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"இல்லன்னு சொன்னது நான்" என்றாள் தெரேசா. "அதை எழுதுங்க."

"நீங்க சொன்னதை எழுதுறதுக்கா எனக்குச் சம்பளம்? பார்க்கத்தான்."

அவள் சொன்ன பொய், தான் பரணில் ஏறாதது, இரண்டையும் எழுதினான்.

றலியாவை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எட்டு வீட்டு ஆட்களையும் முகாமுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படாத ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது அவள் இறந்தாள். வியாழக்கிழமையே வெளியேற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று முகாமில் எல்லோரும் பேசினார்கள். தெரேசாவைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

விபூதிப் புதனன்று முகாம் வேலிக்கு வெளியே அம்புறோஸ் வந்து நின்றான். காக்கிச் சட்டை இல்லை. வேலை போய்விட்டது.

"அம்மா மாத்தளைக்கு வரச் சொல்றாங்க" என்றான்.

"அந்தப் பொண்ணைப் பாக்கவா?"

அவன் வேலிக் கம்பியைப் பார்த்தான். "நான் ஒண்ணும் ஒத்துக்கல்ல. ஆனா இப்ப உங்களைக் கட்டிக்கிட்டா, ஒவ்வொரு நாளும் நீங்க என்னைப் பார்ப்பீங்க, நான் உங்களைப் பார்ப்பேன். நடுவுல செத்தவங்க இருப்பாங்க."

தெரேசா அதை மறுக்கவில்லை. அவன் மீது அவளுக்குக் கோபமும் வரவில்லை. கோபப்பட முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

அவன் போன பிறகு யோசப்பின் கஞ்சி காய்ச்சினாள். ஒரு பாத்திரத்தில் ஊற்றி முஹைதீனின் கொட்டிலில் கொடுத்துவரச் சொன்னாள். முந்தின இரண்டு நாளும் கொடுத்த கஞ்சி அப்படியே திரும்பி வந்திருந்தது. தெரேசா எடுத்துக்கொண்டு போனாள். முஹைதீன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய மகள் றம்ஸியா மட்டும், வாப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பசி தாங்காமல் கையை நீட்டினாள்.

பாத்திரம் காலியாகும்வரை தெரேசா வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.