நாயின் பங்கு

மூஸ் மானின் நெஞ்சைப் பிளந்து நுரையீரலை இழுத்தபோது செலஸ்டீனின் கை அப்படியே நின்றுவிட்டது. இளஞ்சிவப்புச் சதைக்குள் கோழிமுட்டை அளவில் வெளுத்த நீர்ப்பை ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. அவள் இதைப் பார்க்காதவள் அல்ல. சில மிருகங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இறைச்சியை எடுத்துக்கொண்டு நுரையீரலைச் சுடச்சுட நாய்ப்பக்கம் வீசிவிடுவார்கள். அது நாயின் பங்கு. அதை மறுக்கிறவனுக்கு அடுத்த மிருகம் முகம் காட்டாது என்று அவள் மாமனார் சொல்வார்.

ஆனால் இந்த உருண்டையை அவள் வேறெங்கோ பார்த்திருந்தாள். போன வசந்தத்தில், நகரத்து ஆஸ்பத்திரியில், வெளிச்சப் பலகையில் மாட்டிய படத்தில். அது அவள் கணவன் பசீலின் நெஞ்சு. "நாயிடமிருந்து வந்த புழு" என்றார் டாக்டர். அதற்குமேல் அவர் விளக்கியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஆள் பிழைப்பானா என்பதே அவளுக்குக் கேள்வியாக இருந்தது.

ஊர் திரும்பியதும் பேத்தி ஓடிலின் படுக்கையில் சுருண்டு கிடந்த சாம்பல் என்ற நாயை வெளியே கட்டினாள். அது படுத்த கம்பளியைக் கொளுத்தினாள். குழந்தை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு அழுதது. நாயின் பார்வையையும் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பாவத்துக்காக ஒவ்வொரு வேட்டைக்குப் பின்னும் அதற்கு நுரையீரலை இரட்டிப்பாகவே போட்டு வந்தாள். பச்சையாக.

"என்ன கிழவி, கத்தியோட தூங்கிட்டியா? சாம்பல் எவ்வளவு நேரம்தான் எச்சில் ஊத்துவான்? தூக்கிப் போடு" என்றான் பசீல். கனம் தூக்கக் கூடாதென்று ஆபரேஷனுக்குப் பிறகு மரக்கட்டையில் உட்கார்ந்து அதிகாரம் மட்டும் செய்கிறவன்.

"இங்க வா. இதப் பாரு."

பார்த்தான். கை தானாகச் சட்டைக்குள் போய்த் தழும்பைத் தடவியது.

"உனக்குள்ள இருந்ததும் இதே மாதிரிதானே?"

"நான் மூஸ் இல்லடி" என்று சிரித்தான். சிரிப்பு இருமலானது.

"நாய்கிட்டேருந்து உனக்கு வந்துச்சுன்னாங்க. நாய்க்கு எங்கேருந்து வந்துச்சு?"

"நுரையீரல நானும்தான் போட்டேன். எங்கப்பா காலத்துலேருந்து போடுறோம். அவருக்கு ஒண்ணும்..."

பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டான். அவன் அப்பா இருமி இருமித்தான் செத்தார். புகையிலை என்றது ஊர்.

செலஸ்டீன் கத்தியைக் கீழே வைத்தாள். யாரிடமிருந்து யாருக்கு? அவள் எரித்தது எதை, ஊட்டியது எதை? நுரையீரலைப் பெரிய பானையில் போட்டு, ஏரித் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள்.

"நாய்க்குச் சமையலா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வெந்தா உள்ள இருக்கிற புழு சாகும். நாளைக்கு நர்ஸுகிட்ட நாய்க்குப் புழு மாத்திரை கேக்கணும். ஓடிலுக்கும் நெஞ்சைப் படம் எடுக்கணுமான்னு கேக்கணும்."

சாம்பல் கயிற்றை இழுத்துக்கொண்டு அவளையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தது. படகருகே விளையாடிக்கொண்டிருந்த ஓடில் ஓடிவந்து, வழக்கம்போல் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் மயிருக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"ஓடில், கையக் கழுவு, மூஞ்சியையும்" என்றாள் செலஸ்டீன். பானையில் நுரையீரல் மிதந்துகொண்டிருந்தது. குச்சியால் அதை அடிவரைக்கும் அழுத்தினாள். குச்சியை எடுத்ததும் மறுபடி மேலே வந்தது.