தொண்ணூறு நாள் பூட்டு

எவனோ ஒரு புண்ணியவான் தொலைபேசிக் கம்பெனியின் கணினிக்குள் புகுந்து, பதினோராயிரம் பேருடைய விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அள்ளியவனைப் பிடிக்கத் தகவல் பாதுகாப்புக்கென்று வந்த புதுச் சட்டத்தில் வழி இருந்ததோ இல்லையோ, பறிகொடுத்தவர்களுக்குக் கடிதம் போடும் வழி விலாவாரியாக இருந்தது. மூன்று நாளைக்குள், பதிவுத் தபாலில், என்னென்ன போயிற்று என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்ப வேண்டும்.

அந்த வேலை நோட்டீஸ் அக்காவின் தலையில் விழுந்தது. பதினாறு வருஷமாக நோட்டீஸ் பிரிவில் இருப்பதால் அந்தப் பெயர். கம்பெனிக் குடியிருப்பில் ஒற்றை அறை, கல்யாணம் கிடையாது, உறவென்று ஒரே ஒரு தங்கை. இரண்டாம் நாள் மத்தியானம் கடிதங்களை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை புருஷன் பெயருக்கு ஒன்று வந்தது.

வீங்கிய கன்னத்தோடு தங்கை அவனை விட்டுக் கிளம்பி இரண்டு மாதம் ஆகிறது. அவன் இன்னும் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறான். அவள் வைத்திருக்கும் நம்பர் அவன் பெயரில் வாங்கியது. சிம் கார்டு கெட்டுப்போனபோது, புது வீட்டுக்கே இன்னொன்று வரவழைத்துக்கொள் என்று யோசனை சொன்னது சாட்சாத் அக்காதான். சிம் போய்ச் சேர்ந்த விலாசம் அந்த நம்பரோடு ஒட்டிக்கொண்டது. இப்போது கடிதம் வாடிக்கையாளராகிய அவனிடம் மிகுந்த வருத்தம் தெரிவித்தது: தங்கள் பெயர், தங்கள் எண், சிம் பெற்றுக்கொண்ட விலாசம் ஆகியவை களவுபோய்விட்டன. விலாசம் கதவு எண்ணோடும் மாடி எண்ணோடும் அச்சாகியிருந்தது. யோசனை சொன்ன தன் வாயை அக்கா திட்டிக்கொண்டாள்.

கிழித்துப் போடவும் முடியாது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் கணினி காட்டிக்கொடுக்கும். குறைந்ததை மறுபடி அச்சடித்து, அன்றைக்கே ஆள் மூலம் கொண்டுபோய்க் கையில் கொடுப்பார்கள். அதற்கும் சட்டத்தில் இடமிருந்தது.

மேனேஜரிடம் போய், யாருக்கோ வந்த கஷ்டம் மாதிரிக் கேட்டுப் பார்த்தாள். ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது? மேனேஜர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. அச்சில் இல்லாத எதையும் நம்பமாட்டார், அவ்வளவுதான்.

"பாவம்னு ஒரு பிரிவு இதுல இல்லையேம்மா," என்றார்.

அக்கா தன் இடத்துக்குத் திரும்பினாள். பாவத்துக்குப் பிரிவு இல்லை, சரி. குற்றத்துக்கு நிறைய இருந்தது. நாற்பத்தொன்றாம் பிரிவின்படி, வேலை நிமித்தமில்லாமல் ஓர் ஊழியர் தன் உறவினர் ஒருவரின் பதிவைத் திறந்து பார்த்தால் அந்தப் பதிவுக்கு உடனே பூட்டு. தொண்ணூறு நாளைக்கு அதிலிருந்து ஒரு காகிதம்கூட வெளியே போகக் கூடாது. ஏற்கெனவே அச்சடித்ததும் அலமாரிக்குள் போய்விடும். பார்த்த ஊழியருக்கு அன்றோடு வேலை காலி.

குற்றம் செய்வதென்று ஆன பிறகு அரைகுறையாகச் செய்யக் கூடாது. அக்கா தன் பெயரிலேயே கணினிக்குள் நுழைந்து, தங்கை புருஷனுடைய பதிவைத் திறந்து, சந்தேகத்துக்கு இடமில்லாதபடி ஐந்து நிமிஷம் வெறித்துப் பார்த்தாள். பிறகு புகார்ப் படிவம் ஒன்றை எடுத்தாள். புகார் கொடுப்பவர் என்ற இடத்திலும் குற்றம் செய்தவர் என்ற இடத்திலும் தன் பெயரை எழுதி, கடிதத்தையும் சேர்த்து மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"இது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். போன மாசம் எல்லாருக்கும் இந்தப் பிரிவை வாசிச்சுக் காட்டினதே நான்தானே."

மேனேஜர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். மாதக் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. எழுதிக் கொடுத்தார்.

வாசலுக்கு வந்ததும் அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கைக்குப் போன் போட்டாள். தொண்ணூறு நாளைக்குள் நம்பரை மாற்று, வீட்டையும் மாற்று என்றாள். தங்கை பதறிப்போய் என்ன நடந்தது, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள்.

"எனக்கென்ன ஆகப்போகுது," என்றாள் அக்கா. "வீடு மட்டும் ரெண்டு பேர் இருக்கிற மாதிரி பாரு."