எட்டு மாதத்தில் தனிக்குடித்தனம்

மூன்றாவது கரண்டியையும் ஜாசுர் துப்பினான். முதல் இரண்டும் இன்னும் அவன் மோவாயில் வழிந்துகொண்டிருந்தன. ஓய்தின் அதை வழித்து மறுபடி ஊட்டப் பார்த்தாள். அவன் உதட்டைப் பூட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

பூசணி, உருளைக்கிழங்கு, அரிசி. காலையில் எழுந்து தனித்தனியாக வேகவைத்து, மசித்து, வடிகட்டி, ஆறவைத்தது. எதிலும் உப்பில்லை, வெங்காயமில்லை, ஒரு வாசனையுமில்லை. ஒரு வயது வரைக்கும் பிள்ளைக்கு உப்பு வேண்டாம் என்று வீட்டுக்கு வந்த தாதி சொல்லியிருந்தாள். சீரகத்தைப் பற்றி என்னவோ சொன்னாள், ஓய்தினுக்கு நினைவில்லை. எதற்கு வம்பு என்று சீரகத்தையும் நிறுத்திவிட்டாள். அப்புறம் வெங்காயத்தை. அப்புறம் எண்ணெயை.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை தையல் பட்டறையில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். வராவிட்டால் அவளுடைய இயந்திரத்தில் வேறொருத்தி உட்காருவாள் என்று மேற்பார்வைக்காரி தெளிவாகச் சொல்லிவிட்டாள். காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை ஜாசுர் தாய்ப்பால் இல்லாமல் இருந்தாக வேண்டும். புட்டியைக் கண்டாலே தட்டிவிடுகிறான். மிச்சமிருப்பது கரண்டி ஒன்றுதான்.

"என்ன, தனிக்குடித்தனக்காரர் இன்னைக்கும் சாப்பிடலையா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அவளுடைய ஓரகத்தி சனோபர். இரண்டு மாதமாக இதே கேலி. மர்கிலான் நகரத்தில் அந்தச் சந்து முழுக்க ஒரு வீட்டுக்கு ஒரு கசான்தான். பத்துப் பேர் இருந்தாலும் அந்த ஒரே இரும்புக் கொப்பரையில்தான் சமையல். இன்னொரு உலை ஏறினால் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று பொருள். ஓய்தின் பிள்ளைக்கென்று சின்னச் சட்டியை அடுப்பில் ஏற்றிய அன்று சனோபர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள், "எட்டு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள தனிக்குடித்தனம் போயிட்டாரா துரை?" என்று ஜாசுரைக் கேட்டாள். ஓய்தினோடு அவள் நேராகப் பேசுவது அன்றோடு குறைந்துபோனது.

"கொஞ்சம் சாப்பிட்டான் அக்கா" என்று ஓய்தின் பொய் சொன்னாள்.

வியாழன் என்பதால் மதியம் புலாவ். பிள்ளையைக் கணவன் இல்யோஸிடம் கொடுத்துவிட்டு, துணி அலசி முடித்து அவள் திரும்பியபோது, அவன் ஒரு கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஜாசுர் வாயை 'ஆ'வென்று திறந்தபடி கரண்டியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். உதட்டைச் சுற்றி எண்ணெய் மினுமினுத்தது.

"பாரு, பாரு! நாலு கரண்டி. நீ ரெண்டு மாசமா செய்யாததை நான் அஞ்சு நிமிஷத்துல செஞ்சுட்டேன்."

"என்னத்தைக் குடுத்தீங்க?"

"பயப்படாத, எல்லாம் எனக்குத் தெரியும். அரிசி போடறதுக்கு முன்னாடியே கசான்ல இருந்து எடுத்துட்டேன். கேரட்டும் சாறும்தான்."

ஓய்தின் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சுள்ளென்று கரித்தது. அரிசிக்கும் சேர்த்துத்தான் அந்தச் சாற்றில் உப்பு போடுவார்கள்; புலாவ் சமையலில் அதைவிடக் கரிப்பான கட்டம் வேறு கிடையாது. பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை புலாவ் தின்றவன், ஒரு நாளும் கரண்டியைக் கையில் எடுக்காதவன், அவனால்தான் இப்படி ஒரு காரியம் செய்ய முடியும்.

"ஐயோ, இதுல ரெண்டு பேருக்கு உண்டான உப்பு இருக்குங்க!"

அவள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். ஜாசுர் வீறிட்டு அழுதான். கரண்டிக்காக அவன் அழுதது அதுதான் முதல் தடவை. ஓய்தினுக்கு அவனை அடக்கவும் தெம்பில்லை, புருஷனைத் திட்டவும் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து பால் கொடுத்தபடியே தாதியிடம் தொலைபேசியில் பேசினாள்.

"நாலு கரண்டிக்கு ஒண்ணும் ஆகாது, நிறைய பால் குடு" என்றாள் தாதி. "ஆனா நீ ஏம்மா சீரகத்தை நிறுத்தின? நான் உப்பைத்தானே வேண்டாம்னேன், ருசியையா வேண்டாம்னேன்? நீங்க சாப்பிடறதையே குடு. உப்பு போடறதுக்கு முன்னாடி எடுத்து மசிச்சுக் குடு, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஓய்தினுக்கு அழுகை வந்தது. எத்தனை காலை, எத்தனை பூசணி. தவறாகக் கேட்டது தன் காதுதானா, அல்லது கேட்டபின் தானாகச் சேர்த்துக்கொண்டதா என்று யோசித்தாள். சேர்த்துக்கொண்டதுதான்.

ஆனால் உப்பு மூத்த மருமகள் சனோபரின் கையில் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் ஓய்தின் கேரட் நறுக்கியிருக்கிறாள், மாவு பிசைந்திருக்கிறாள். கசானில் உப்பு போட்டதில்லை. போதுமா அதிகமா என்று வாய் திறந்ததுமில்லை. சனோபர் கறியை வதக்கும்போதே உப்பைத் தூவிவிடுவாள். அதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் கேட்டாள்.

"அக்கா, ஒரு விஷயம்."

"சொல்லு. உன் சட்டிக்கு மூடி வேணுமா?"

"நாளைக்கு உப்பு போடறதுக்கு முன்னாடி, அவனுக்கு ரெண்டு கரண்டி எடுத்துக்கட்டுமா?"

சனோபரின் கை நின்றது. "எதுல இருந்து?"

"நம்ம கசான்ல இருந்துதான்."

"இதைக் கேக்க உனக்கு ரெண்டு மாசம் ஆச்சா?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டு மாசமா கோவிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன்! குழாயடியில பக்கத்து வீட்டு முனவ்வர் என்ன கேட்டா தெரியுமா? 'உன் புருஷன் ரஷ்யாவுல கெடக்கான், இங்க உன்னைத் தனியா ஒதுக்கிட்டாங்களாமே, உலை ரெண்டாயிடுச்சாமே'ன்னு. நான் என்னத்தைச் சொல்லுவேன்? அது பச்சைப்புள்ளைக்குன்னு சொன்னா, ஏன் உன் சோறு புள்ளைக்கு ஆகாதான்னு அடுத்த கேள்வி கேக்குறா."

ஓய்தினுக்கு இது தோன்றவே இல்லை. தன் களைப்பு ஒன்றுதான் அந்த வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் சனோபர் தட்டை அவள் கையில் திணித்தாள்.

"தொட. கறி வதங்கும்போது உப்பு போட்டாத்தான் உள்ள எறங்கும். உன் மகனுக்காக என் கைப்பக்குவத்தை மாத்தறேன். மாமா மொறைச்சா நீ பதில் சொல்லு."

மறுநாள் அரிசியும் கறியும் சேர்த்த மஸ்தவா. வெங்காயம், சீரகம், கேரட், கொத்தமல்லி எல்லாம் விழுந்தன. உப்பு விழவில்லை. "கை நமநமங்குதுடி, பாதி உசுரு போகுது" என்று முனகிக்கொண்டே சனோபர் இரண்டு கரண்டி எடுத்து வைத்தாள். ஓய்தின் முள்கரண்டியால் மசித்தாள். ஜாசுர் முகர்ந்தான். வாயைத் திறந்தான். ஓய்தின் எண்ணினாள்: ஏழு கரண்டி.

அந்தச் சந்தோஷத்தில் சனோபர் கசானில் உப்பு போடவே மறந்துபோனாள். பெரியவர்கள் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார்கள். மறுபடி ஒரு முறை ருசி பார்த்தார்கள். கடைசியில் மாமனார் கரண்டியை வைத்தார்.

"ஏம்மா, இன்னைக்கு வீட்டுல யாருக்குமே பல்லு மொளைக்கலையா?"

இல்யோஸ் சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. சனோபர் முகத்தை மூடிக்கொண்டாள். "பதில் சொல்லுடி" என்று ஓய்தினின் தொடையைக் கிள்ளினாள்.

ஆனால் ஏழு கரண்டி தாயின் மடியில். திங்கட்கிழமை ஊட்டப்போவது சனோபர். சனிக்கிழமை அவள் மடிக்குப் போனதும் ஜாசுர் வாயை மூடிக்கொண்டு ஓய்தின் பக்கமே கையை நீட்டினான்.

"நீ இங்க நின்னா அவனுக்குப் பால் வாசனைதான் வரும். போ வெளியே."

ஓய்தின் தெருக்கதவுக்கு வெளியே போய் நின்றாள். பிள்ளை அழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மார்பு கனத்து, சட்டை நனைந்தது. உள்ளே போய்விடலாமா என்று நான்கு முறை கதவில் கை வைத்தாள். அன்று இரண்டு கரண்டி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து, அதில் ஒன்று துப்பியது. போதுமா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். சனோபர் சீரகம் மணக்கும் குழைந்த சோற்றை ஊதிக்கொண்டிருந்தாள். அந்த ஊதலையே பார்த்தபடி, ஜாசுர் தானும் உதட்டைக் குவித்து ஊதினான். பிறகு 'ஆ'வென்று வாயைத் திறந்தான். அம்மா வாசலில் நிற்பதை அவன் கவனிக்கவில்லை.

"போடி, வண்டி போயிடும்" என்றாள் சனோபர், திரும்பாமலே. "நடுவுல நடுவுல போன் பண்ணி உசுரை வாங்காத."

அவன் அழுவான் என்றுதான் ஓய்தின் இரண்டு நாளாக மனதைத் தேற்றிவைத்திருந்தாள். அழாததற்கு எந்தத் தேறுதலும் கைவசம் இல்லை. வேனில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் தின்னப்போகும் கரண்டிகளை மனதுக்குள் எண்ணியபடியே கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். மூன்றாவதைத் தாண்டவில்லை, தூங்கிப்போனாள். பட்டறை வாசலில் ஓட்டுநர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.