கல்லுக்குக் கேட்காத வேட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாங்க, கண்ணுகளா. குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டிய கதை ஒன்று வைத்திருக்கிறேன். பாதியில் எழுந்து போகாமல் இருந்தால் முழுசாகத் தருகிறேன்.

சுவர்க்கடிகாரத்தில் பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, பிச்சையம்மாள் இறந்து கிடந்த புருஷன் உடையப்பனின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். தன்னைக் கட்டிக்கொண்டு அழுத கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"ஏத்தா, எங்கிட்டுப் போற?"

"மயக்கமா வருதோ என்னமோ, விடுங்கடி."

பிச்சையம்மாள் நிற்காமல் நடந்தாள். பின்பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே ஐந்தடி நீளத்தில், மூன்று விரல் கனத்தில் ஒரு கருங்கல் பலகை. இரண்டு முனையும் மேடைமேல் இருக்க, நடுவில் இரும்பு எடைகள் தொங்கின. கல்லின் அடிவயிற்றைத் தொட்டபடி கடிகார முகத்தோடு ஒரு சின்னக் கருவி. அதன் முள் காட்டிய எண்ணைக் குனிந்து பார்த்து நோட்டில் எழுதினாள். ஆறு மாதமாக, உடையப்பன் படுக்கையில் விழுந்ததிலிருந்து, அவள்தான் தினமும் காலை பத்து மணிக்கு எழுதுகிறாள். இன்னும் இருபத்து மூன்று நாள் எழுதினால், கல்லை ஏற்றிப் பத்து வருஷம் நிறைந்துவிடும்.

உடையப்பன் படித்ததும் படிப்பித்ததும் பாறையைப் பற்றி. பாறை எவ்வளவு தாங்கும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்று பார்க்கிற படிப்பு. கல்லும் பாரம் சுமந்தால் மெல்ல மெல்லத் தொய்யும், கண்ணுக்குத்தான் தெரியாது என்பார். எவ்வளவு தொய்கிறது என்று தெரிந்தால்தானே மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிறவன் அது நூறு வருஷம் நிற்குமா என்று சொல்ல முடியும்? கல்லூரியில் கூட இருந்தவர்கள் வருஷத்துக்கு ஐந்து கட்டுரை போட்டுப் பேராசிரியர், டீன் என்று ஏறிப்போனார்கள். இவரிடம் கேட்டால், "இன்னும் வளைஞ்சுக்கிட்டு இருக்கு சார்" என்பார். இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார்.

இந்தச் சோதனை கல்லூரியிலேயே ஒருமுறை ஆரம்பித்ததுதான். மூன்றாவது வருஷம் ஆய்வுக்குழு பார்வையிட வருகிறது என்று யாரோ லேபைச் சுத்தம் பண்ணி, எடையை இறக்கிக் கல்லைச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சுடர்விழி தலைப்பையே மாற்ற வேண்டி வந்தது. அன்றைக்கு உடையப்பன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தது பிச்சையம்மாளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த அறையில் புதுக்கல்லை ஏற்றினார். மகன் ரகுநாத்தின் கல்யாணத்தன்றுகூட, பத்து மணிக்கு மண்டபத்திலிருந்து ஓடிவந்து முள்ளைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது வாசலில் மூத்தவர் ராக்கன் நின்றார். உடையப்பனின் அண்ணன். நாற்பது வருஷம் கல்குவாரியில் வேட்டு வைத்தவர். காது பாதி போயிருந்தது. "நான் ஒரு நாளைக்கு நாப்பது கல்லு ஒடைச்சவன். என் தம்பி பத்து வருஷமா ஒரே கல்லை ஒடையுதா ஒடையுதான்னு பாத்துக்கிட்டு இருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர். அந்த அறைக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. ஓடி ஓடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பை.

"அதிர்வேட்டு எட்டு வாங்கியாச்சு. கொட்டு செட்டு மூணு மணிக்கு வந்துரும்."

பிச்சையம்மாள் திரும்பி அறைக் கதவைப் பார்த்தாள். அந்த வீடு நிற்பது பாறைமேல். வாசலில் ஒரு வேட்டு போட்டால் அடுப்படிப் பாத்திரம் ஆடும். முள் ஒருமுறை எகிறிவிட்டால், அது கல் தானாகத் தொய்ந்ததா, அதிர்ச்சியில் தொய்ந்ததா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

"பெரிய மச்சான், வேட்டு வேணாங்க" என்றாள் மெதுவாக.

"என்ன?"

"வேட்டு வேணாங்க."

"கேக்கலை ஆத்தா!"

காதோடு சொல்ல நினைத்ததைக் கத்த வேண்டியதாயிற்று. "வேட்டும் வேணாம், கொட்டும் வேணாம்! கல்லு அதிரும்!"

பந்தலில் அழுகை நின்றுபோனது.

"என் தம்பி என்ன நாதியத்தவனா? சத்தமில்லாம தூக்கிட்டுப் போறதுக்கு?" என்றார் ராக்கன், பையை உயர்த்திக் காட்டி.

"அம்மா, இன்னைக்காவது அந்தக் கல்லை விடுங்கம்மா" என்றான் ரகுநாத். அவன் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

திருச்சி பஸ்ஸில் வந்து மாலையோடு நின்றிருந்த சுடர்விழி முன்னால் வந்தாள். இப்போது அவளும் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிச்சையம்மாள் கையால் நிறுத்தினாள்.

"அவுக ஒரு தடவை தோத்துட்டாக மச்சான். அன்னைக்கு நான் கூட இல்லை. இன்னைக்கு இருக்கேன்."

இது ராக்கனுக்குக் கேட்டதோ என்னவோ. கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்தார். பையைத் தரையில் வைத்தார். பிறகு அவளைத் தாண்டி அந்த அறைக்குள் போனார்.

கல்லைச் சுற்றி வந்தார். தொடவில்லை. "கல்லோட ஓட்டம், ரேகை போற பக்கம் பாத்துத்தான் வெட்டியிருக்கான்" என்று முணுமுணுத்தார். வெளியே வந்து, மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அங்கங்கே நின்று தரையை லேசாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். காதால் அல்ல, உள்ளங்காலால் கேட்டார். கண்மாய்க்கரை ஏறி இறங்கி, தண்ணீர் வற்றி ஈரமாகக் கிடந்த களிமண்ணில் கடப்பாரையை ஊன்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"பாறை மேல போட்டா பாறை கடத்திக்கிட்டு வந்துரும். ஈரக்களி முழுங்கிக்கிரும். கொட்டும் வேட்டும் நான் நட்ட கடப்பாரைக்கு அங்கிட்டுத்தான். அதுவரைக்கும் சங்கு மட்டும். அது காத்துல போறது."

சுடர்விழி அவரையே பார்த்தாள். "ஐயா, இதையேதான் சார் அறுபது பக்கத்துல எழுதியிருக்காங்க" என்றாள் உரக்க.

"அறுபது பக்கமா? சின்னதுலேருந்தே அவன் வளவளன்னுதான் பேசுவான்."

பந்தலில் இரண்டு பேர் சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரகுநாத் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தான்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். கொட்டு இல்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். "அமுக்கி மிதிக்காதீங்கடா, மெதுவா, மெதுவா" என்று ராக்கன் சொல்லச் சொல்ல, தூங்குகிறவரைத் தூக்கிப் போகிறாற்போல உடையப்பனைத் தூக்கிப் போனார்கள். தெருமுனை வரை சங்கும் காலடிச் சத்தமும் மட்டும் கேட்டன.

பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தண்ணீர் எடுத்தார்கள். பிச்சையம்மாள் அறைக்குள் போய் முள்ளின் முன் உட்கார்ந்தாள். தூரத்தில் கொட்டு கிளம்பியது. முதல் வேட்டு. அவள் மூச்சை அடக்கினாள். இரண்டு. மூன்று. எட்டு வரைக்கும் விரல் மடக்கினாள். எட்டாவதற்குப் பிறகும் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

பொழுது சாய, ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினார்கள். ராக்கன் வாசலுக்கு வராமல் அறையின் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். சத்தம் போட்டே பழகியவர், உதட்டை மட்டும் அசைத்தார்.

"நகந்துச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பாக்கணும்?"

பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"காடாத்தி அஸ்தி எடுக்க வெள்ளனவே போயிட்டு, பத்துக்குள்ள வந்துருவோம்." தொண்டையைக் கனைக்க வந்து, கனைக்காமல் விழுங்கினார். "இரு ஆத்தா, வாரேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளங்கால் பதியாமல் தெருவைக் கடந்தார். கரை ஏறினார். மறுபக்கம் இறங்கி, கடப்பாரை நட்ட இடத்தையும் தாண்டி, ஈரக்களியில் போய் நின்றார். கரைக்கு மேலே முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் அது அசையவில்லை. பிறகு குலுங்க ஆரம்பித்தது.

பிச்சையம்மாள் ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு உத்தரம் நூறு வருஷம் நேராகக் கிடக்கட்டும். அதன் கீழே இருக்கிறவர்கள் ஒருத்தருக்காக ஒருத்தர் மெதுவாக நடக்கிற வீடாக அது இருக்கட்டும். நல்லா இருங்க.