பச்சை முன்னால், பழுப்பு பின்னால்

பூட்டு ரிப்பேர்காரர் இடது காதிலிருந்து மறையத் தொடங்கி, பதினான்கே மாதத்தில் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பசித்தது, தும்மினார், எடைகூட ஒரு கிலோ ஏறியது. டாக்டர் காலி நாற்காலிக்கு மேலே காற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார். பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் இப்படி உருவமில்லாமல் திரிந்தால் தெரு என்ன பேசும்? பேசியது. ஒரு வீட்டிலும் ஒரு ஸ்பூன்கூடக் காணாமல் போகாததால் தானாக அடங்கியது. உடுத்திய துணியும் கால் மணி நேரத்தில் அவரோடு மறைந்துவிடும். அப்படியும் இஸ்திரி போடாத சட்டையோடு அவர் வாசல் தாண்டியதில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்றால், "எனக்குத் தெரியுமே" என்பார்.

அவர் மனைவி காலி பாட்டில்களை வெட்டி, முன்னறையில் சின்ன ஃப்ரிட்ஜ் அளவில் இருந்த மின்சாரச் சூளையில் உருக்கி, தோடும் பதக்கமும் செய்பவள். அவர் மேல் பட்டும் மறையாதது கண்ணாடி ஒன்றுதான் என்று கண்டுபிடித்தது அவள்தான். ஒளிக்கு வழி விட்டுக்கொடுத்தே பழகிய பொருள். மேற்கொண்டு விட்டுக்கொடுக்க அதனிடம் எதுவுமில்லை. பச்சை சோடா பாட்டிலில் ஒரு பதக்கம் செய்து அவர் கழுத்தில் மாட்டினாள். கயிறு மறைந்தது, பச்சை நின்றது. ஆள் எங்கே என்பது தெரிந்துபோயிற்று. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. முதுகு வழியாகவும் அதே பச்சைதானே தெரிகிறது.

"நான் பேசறப்ப என்னைப் பாக்கறீங்களா இல்லையா?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அதை நான் எப்படி நம்பறது?"

இருபத்திரண்டு வருஷம் அவர் முகத்தைப் பார்த்தே அந்த வீட்டில் பேச்சை ஆரம்பித்தவள், நிறுத்தியவள். இப்போது பாதிப் பேச்சிலேயே எழுந்து சூளைப் பக்கம் போய்விடுவாள்.

வலது பாதி பச்சை, இடது பாதி பழுப்பு என்று ஒரே பதக்கம் செய்துவிட்டால், அவர் திரும்பும்போது நிறம் இடம் மாறும், தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். பழுப்புக்கு இருமல் மருந்து பாட்டில். இரண்டு பாட்டில் கண்ணாடியை ஒன்றாக உருக்கக் கூடாது. சூட்டில் ஒட்டும், ஆறும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கி விரிசல் விடும். வேலை கற்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் முதல் நாளே சொல்லித்தருவது இது. தெரிந்தும் நான்கு முறை உருக்கினாள். நான்கு முறையும் ஒரு நாள் முழுக்கச் சூளையைத் திறக்காமல் ஆறவிட்டாள். நான்கு முறையும் நடுவில் பிளந்தது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பச்சைப் பதக்கம் தரைக்குப் பக்கமாகத் தாழ்ந்து வந்தது.

"ரெண்டும் ஒட்டித்தான் ஆகணும்னு யாரு சொன்னா? தனித்தனியா செஞ்சு ஒரே கயித்துல கோத்துடு. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு முதுகுல."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"என்கிட்ட எங்க கேட்டே? சூளைகிட்டதானே பேசிட்டிருந்தே."

அன்றிலிருந்து தெருவில் பச்சை முன்னால் போகும், பழுப்பு பின்னால் போகும். பஸ் கண்டக்டர், "பச்சை, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்பார். பழுப்பு தன் பக்கம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர், கோபமாக இருக்கிறார் போல என்று எண்ணி, சாவியை மறுநாள் கொண்டுவருவார். பதினெட்டு வருஷம் கழித்து அவள் காய்ச்சலில் படுத்தபோது, ஐந்து நாளும் கட்டிலருகே பச்சை அவள் பக்கமாகவே நின்றது. அந்த அறையில் பழுப்பு அவள் பக்கம் திரும்பியதெல்லாம், வெந்நீர் எடுக்க அவர் சமையலறைக்குப் போனபோதுதான்.